போர்ட் லூயிஸை நிதானமாகப் பார்க்க: முதல்முறை வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொரிசியஸுக்கு வரும் நம்மவர்களில் பலர் தலைநகரை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். சுற்றுலா பஸ் காலை பதினொரு மணிக்குக் கோடான் துறைமுகக் கடைகளின் முன் இறக்கிவிடுகிறது. படம் எடுத்து, சாவிக்கொத்து வாங்கி, குளிரூட்டிய உணவகத்தில் சாப்பிட்டு, மூன்று மணிக்குத் திரும்புகிறார்கள். ஊருக்குப் போன பிறகு "போர்ட் லூயிஸில் ஒன்றுமில்லை" என்று சொல்கிறார்கள். இங்கே வாழும் எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

என் பெற்றோர் முதல்முறையாக வந்தபோது காகிதங்கள், தங்குமிடம், நேரம் எல்லாவற்றிலும் முட்டி மோதித்தான் வழி கண்டுபிடித்தேன். அதன் பின் வந்த உறவினர் எல்லோருக்கும் ஒரே திட்டத்தையே சொல்லி வருகிறேன். போர்ட் லூயிஸ் காலையில் வாழும் நகரம். மூன்று காலைகளை அதற்குக் கொடுங்கள்; மாலைகளை வேறு ஊரில் கழியுங்கள். கீழே உள்ள எல்லாமே இந்த ஒரு கணக்கில் அமைந்தவை.

1. மாதத்தைவிடக் கிழமை முக்கியம்

மே முதல் அக்டோபர் வரை இங்கே குளிர்காலம். நடந்து ஊர் பார்க்க அதுவே நல்ல காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் புழுக்கமும் அதிகம்; புயல் வருவதும் அப்போதுதான். மலைகள் சூழ்ந்த மேற்குக் கரையில் இருப்பதால், மேட்டு நிலத்து ஊரான க்யூர்பிப்பில் ஸ்வெட்டர் போடும் நாளில்கூடப் போர்ட் லூயிஸில் வியர்க்கும்.

கிழமைதான் பலர் தவறவிடும் விஷயம். திங்கள் முதல் வெள்ளி வரை நகரம் நிரம்பி வழியும். அலுவலகங்கள் மூடும் ஐந்து மணிக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் தெருக்கள் காலியாகிவிடும். சனிக்கிழமை பாதி நாள். ஞாயிற்றுக்கிழமை சந்தை மட்டும் நண்பகல் வரை இருக்கும். ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட், புளூ பென்னி தபால்தலை அருங்காட்சியகம் இரண்டும் மூடியிருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளை மட்டும் ஒதுக்கிக்கொண்டு வருபவர்கள் பூட்டிய கதவுகளையே பார்க்கிறார்கள். செவ்வாய், புதன், வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, யுகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, ரம்ஜான், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் எல்லாமே அரசு விடுமுறை. பிப்ரவரி 1, மார்ச் 12, நவம்பர் 2 ஆகிய நாள்களும் அப்படியே. காவடி பார்க்க வேண்டும் என்று வருபவர்கள் அந்த நாளைக் கோவிலுக்கே முழுதாகக் கொடுத்துவிட்டு, நகரத்துக்கு வேறு நாள் ஒதுக்குங்கள்.

2. காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சுற்றுலாப் பயணி முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. விமான நிலையத்திலேயே கட்டணமின்றி அனுமதி தருகிறார்கள். மற்ற நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மொரிசியஸ் குடிவரவு அலுவலகத்தின் பட்டியலில் தங்கள் நாட்டைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். கையில் இருக்க வேண்டியவை இவை: பயணம் முடிந்த பின்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பும் டிக்கெட்டின் அச்சுப் பிரதி, தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று. செல்பேசியில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஆறு மணி நேரப் பயணத்தின் முடிவில் மின்கலம் தீர்ந்துபோன பெரியவர்கள் வரிசையில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உறவினர் அல்லது நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவரிடமிருந்து அழைப்புக் கடிதமும் அடையாள அட்டை நகலும் வாங்கி வையுங்கள். இங்கே பல வீடுகளுக்கு எண் கிடையாது. தெருப் பெயரோடு முகவரி முடிந்துவிடும். அதனால் அவருடைய தொலைபேசி எண்ணைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதிகாரி சந்தேகப்பட்டால் அந்த எண்ணுக்குத்தான் பேசுவார்.

கிளம்புவதற்கு முன் இணையத்தில் ஒரு பயணப் படிவத்தை நிரப்ப வேண்டும். மொரிசியஸ் அரசின் தளத்தில் அது இலவசம். அதே போன்ற முகப்போடு பணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன. என் பெற்றோரிடம் ஒரு பயண முகவர் இந்த இலவசப் படிவத்துக்கு ஆளுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டார். அதுமட்டுமா? தங்கும் முகவரியையும் தவறாக நிரப்பியிருந்தார். விமான நிலையத்தில் மறுபடியும் நிரப்ப வேண்டி வந்தது. யாராவது இந்தப் படிவத்துக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பத்து நிமிட வேலைதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகள் வழியாக வருபவர்கள் தடுப்பூசிச் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டில் முத்திரை வாங்கியதும் அங்கேயே நின்று தேதியைப் படியுங்கள். திரும்பும் டிக்கெட்டை ஒட்டியே நாள்களைக் கொடுப்பது வழக்கம். அந்தத் தேதிதான் உங்கள் கெடு.

பெட்டியில் வைக்கக் கூடாதவை: மின்சிகரெட் இங்கே தடை செய்யப்பட்டது. பழம், காய், செடி, விதை, கீரை எதுவும் அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது. அம்மாக்கள் ஆசையாகக் கட்டிக் கொடுக்கும் கறிவேப்பிலையும் இதில் சேரும். கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் போர்ட் லூயிஸ் சந்தையிலேயே கட்டுக் கட்டாகக் கிடைக்கும்; சிரமப்பட வேண்டாம். மாத்திரைகளை மருந்துக் கடை அட்டையோடு, மருத்துவரின் சீட்டோடு கொண்டுவாருங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை போன்றவற்றில் இங்கே மிகக் கண்டிப்பு.

3. எங்கே தங்குவது

நகரத்தின் நடுவில் தங்கினால் இரவு ஏழு மணிக்குச் சாப்பிட இடம் தேடி நடக்க வேண்டியிருக்கும். கோடான் துறைமுகப் பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்கே இரவிலும் விளக்கு எரியும், உணவகங்கள் இருக்கும். ஆனால் விடுதிக் கட்டணம் கையைக் கடிக்கும்.

என் பரிந்துரை ரோஸ் ஹில் அல்லது காத்ர் போர்ன். இரண்டும் மெட்ரோ எக்ஸ்பிரஸ் என்னும் நகர ரயில் பாதையில் உள்ளன. ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸுக்குச் சுமார் அரை மணி நேரம். வாடகைக்கு விடும் வீட்டு மாடிகள் நிறைய உண்டு; மாலையில் தெருவோரக் கடைகளில் கூட்டம் இருக்கும்; போர்ட் லூயிஸைவிடக் குளிர்ச்சியும் கூட. காத்ர் போர்னில் வியாழனும் ஞாயிறும் துணிச்சந்தை கூடும். இந்த ஊர்களில் வியாழக்கிழமை பிற்பகல் பல கடைகள் மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்விகள்: சொன்ன விலையில் 15 சதவீத வரி அடங்குமா? சுற்றுலாக் கட்டணம் என்று தனியாக ஏதாவது உண்டா? மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரமா? வயதானவர்கள் வந்தால் நான்காவது கேள்வி, எத்தனை படி ஏற வேண்டும் என்பது. மின்தூக்கி இல்லாத மாடிகள் இங்கே ஏராளம்.

4. விமான நிலையத்திலிருந்து

விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. போர்ட் லூயிஸ் வடமேற்கில். இடையே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெட்ரோ விமான நிலையம் வரை போவதில்லை. மயேபூரிலிருந்து போர்ட் லூயிஸ் செல்லும் பஸ் விமான நிலையத்தைத் தொட்டுச் செல்கிறது. மிகவும் மலிவு. ஆனால் பெரிய பெட்டிக்கு இடம் கிடையாது, மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். குடும்பத்தோடு வந்தால் டாக்சிதான் சரி. டாக்சியில் மீட்டரை நம்ப முடியாது. ஏறுவதற்கு முன் தொகையைப் பேசி, அது மொத்தக் குடும்பத்துக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்துத்தானா என்று உறுதி செய்யுங்கள். ஏறத்தாழ 2000 மொரிசியஸ் ரூபாயை மனதில் வைத்துப் பேரம் பேசலாம். விடுதிக்காரரே வண்டி அனுப்பினால் இன்னும் நல்லது.

5. பணம்

விமான நிலையத்து வருகைக் கூடத்திலேயே வங்கிகளின் கவுன்டர்கள் உண்டு. டாலரோ யூரோவோ கொண்டுவந்து அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இந்திய ரூபாய்த் தாளை நம்பி வராதீர்கள். இந்தியாவின் யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து மொரிசியஸில் சில கடைகளில் செயல்படுகிறது. ஆனால் நீங்கள் சாப்பிடப்போகும் இடங்களில் பெரும்பாலும் ரொக்கம்தான். 2000 ரூபாய்த் தாளை நீட்டினால் தால் பூரிக் காரர் திகைத்துப்போவார். 25, 50, 100 ரூபாய்த் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். தாளைக் கையில் வாங்கியதும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கும். எனக்கு இன்றும் அதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

6. முதல் காலை: சந்தை

எட்டு மணிக்குள் போர்ட் லூயிஸில் இறங்கிவிடுங்கள். வீட்டில் சாப்பிடாமல் வாருங்கள். மெட்ரோ டிக்கெட்டை நிலையத்து இயந்திரத்தில் எடுக்கலாம்.

மத்தியச் சந்தையில் முதலில் காய்கறிப் பகுதிக்குப் போங்கள். வெளிநாட்டவர் எல்லோரும் நேராக மாடியில் உள்ள கைவினைப் பொருள் கடைகளுக்கு ஏறுகிறார்கள். அங்கே சொல்லும் விலையைப் பாதியிலிருந்து பேச வேண்டும். கீழே காய்கறிப் பகுதியில் அந்தத் தொல்லை இல்லை. சவ்சவ், பூசணி, முருங்கைக்கீரை, சின்ன மிளகாய், நவம்பர் டிசம்பரில் லிச்சி எல்லாம் மலைபோல் குவிந்திருக்கும். காய்ந்த மூலிகைகளைக் கட்டிக் கட்டி விற்கும் கடைகளும் உண்டு. அவர்கள் எந்த நோய்க்கும் ஒரு கட்டு வைத்திருப்பார்கள். பேசிப் பாருங்கள், ஆனால் வழக்கமான மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இனி சாப்பாடு. தொடக்கம் காத்தோ பிமா. நம்முடைய பருப்பு வடையின் சிறிய வடிவம் அது. ரொட்டிக்குள் வெண்ணெய் தடவி, சூடாக நான்கைந்தை வைத்துத் தருவார்கள். அடுத்தது தால் பூரி. வேகவைத்து அரைத்த பருப்பை உள்ளே வைத்து மெல்லியதாகத் தேய்த்துச் சுட்டது. அதன் மேல் பெரிய மொச்சைக் குழம்பு, ருகாய் என்னும் தக்காளித் தொக்கு, ஊறுகாய், மிளகாய்த் துவையல் தடவிச் சுருட்டித் தருவார்கள். விற்பது ஜோடியாக, ஒரு ஜோடி 50 ரூபாய்க்குள் அடங்கும். வரிசை நீளமாக இருக்கும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். வரிசை வேகமாக நகரும், பூரியும் அப்போதுதான் சுட்டதாக இருக்கும். மிளகாயைக் குறைத்துத் தரச் சொல்ல, இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் "பா த்ரோ பிமா" என்றால் போதும். நம் நாக்குக்குக் காரம் பழக்கம்தானே என்று அலட்சியம் வேண்டாம். இங்குள்ள சின்ன மிளகாய் வேறு ரகம்.

பூரிக்குப் பின் சந்தைக்குள்ளேயே அலூடா குடியுங்கள். குளிர்ந்த பால், கடல்பாசி, சப்ஜா விதை. அதோடு உப்பு, மிளகாய், புளி தடவிய அன்னாசி. பத்து மணிக்கே வயிறு நிறைந்துவிடும். இதற்கெல்லாம் ஆளுக்கு 300 ரூபாய் தாராளமாகப் போதும்.

அதன் பிறகு சீனர் தெருப் பக்கம் நடங்கள். ரோயல் தெருவில் ஜும்மா மசூதியைக் கடந்தால் சீனக் கடைகள் தொடங்கும். பூலெத் என்னும் வேகவைத்த உருண்டைகளை ரசத்தில் போட்டுத் தருவார்கள். சவ்சவ், மீன், இறைச்சி எனப் பல வகை. மதியம் ஒரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் வெயில் உங்களைச் சோர்வடையச் செய்யும். பிற்பகல் தூங்குங்கள், அதுவும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதி.

சந்தைக் கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டுங்கள். கடவுச்சீட்டை அறையிலேயே வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துவாருங்கள்.

7. இரண்டாம் காலை: படிகளும் தபால்தலையும்

ஆப்ரவாசி காட் ஒன்பது மணிக்குத் திறக்கும். அனுமதி இலவசம். யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது இதைத்தான். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் ஏறிய பதினாறு கல் படிகள் இங்கே இருக்கின்றன. பத்து நிமிடத்தில் சுற்றிவிடக் கூடிய சின்ன இடம். அப்படிச் சுற்றிவிடாதீர்கள். முதலில் விளக்க மையத்துக்குள் போய் நிதானமாகப் பாருங்கள், பிறகு படிகளிடம் வாருங்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறி வந்தவர்களும் இந்தப் படிகளில்தான் கால் வைத்தார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தங்கள் குடும்பத்தில் யாராவது மொரிசியஸுக்கு வந்ததாகக் கேள்விப்பட்டவர்களுக்கு ஒரு தகவல். குடியேறியவர்களின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நேரில் போய் உடனே பார்த்துவிட முடியும் என்று நினைக்காமல், பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பெயர், தோராயமான ஆண்டு, கப்பல் பெயர் அல்லது குடியேற்ற எண், எது தெரிந்தாலும் குறிப்பிடுங்கள். பெயர்கள் பிரெஞ்சு உச்சரிப்பில் திரிந்து எழுதப்பட்டிருக்கும். எனவே ஒரே பெயரைப் பல விதமாக எழுதி அனுப்புங்கள்.

சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாகக் கோடானுக்கு நடக்கலாம். அங்கே புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847இல் வெளியான மொரிசியஸ் தபால்தலைகள் உள்ளன. ஒளி பட்டு மங்காமல் இருக்க, அசல் தபால்தலைகளைக் குறிப்பிட்ட நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் விளக்கிட்டுக் காட்டுவார்கள். மற்ற நேரத்தில் பார்ப்பது நகலை. டிக்கெட் வாங்கும் முன் அடுத்த விளக்கு எப்போது என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் நகலைப் பார்த்துத் திரும்பியவர்கள் பலர்.

நேரம் இருந்தால் அடிலெய்ட் கோட்டைக்கு டாக்சியில் ஏறுங்கள். நடந்து ஏறும் வழி செங்குத்து, நிழல் இல்லை. மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் துறைமுகம், மறு பக்கம் 1812 முதல் குதிரை ஓடும் ஷான் தெ மார்ஸ் மைதானம். இறங்கும்போது நடக்கலாம்.

8. மூன்றாம் காலை: சேன்த் குருவா

நகரத்தின் வடக்கு விளிம்பில், பஸ்ஸில் சிறிது தூரத்தில், சேன்த் குருவா பகுதியில் இருக்கிறது சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில். ஊரார் கைலாசம் கோவில் என்பார்கள். பஸ் நடத்துநரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். காலை பூசை முடிவதற்குள் போனால் கூட்டமின்றித் தரிசிக்கலாம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். கோவிலில் தமிழில் வணங்கி, கிரியோலில் நலம் விசாரிப்பார்கள். "உங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். தலைமுறை தலைமுறையாகக் காவடியையும் தேவாரத்தையும் காப்பாற்றியவர்கள் அவர்கள். நீங்கள் மெதுவாகத் தமிழில் பேசினால் தாமாகவே பதில் சொல்ல முயல்வார்கள்.

அதே பகுதியில்தான் பேர் லவால் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் கல்லறை ஆலயம் இருக்கிறது. எல்லா மதத்தவரும் அங்கே வருகிறார்கள். செப்டம்பர் 9ஐ ஒட்டிய நாள்களில் யாத்திரைக் கூட்டம் பெருகும். அப்போது பஸ் கிடைப்பது கடினம்.

கோவில் விழாவிலோ திருமணத்திலோ யாராவது சாப்பிட அழைத்தால் மறுக்காதீர்கள். வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். பூசணி, இளம் பலாக்காய், வாழைக்காய், பச்சடி, ரசம், பாயசம் என்று வரிசையாக வரும். எந்த உணவகத்திலும் அந்தச் சுவை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

9. சைவம் சாப்பிடுபவர்களுக்கு

"வெஜிடேரியன்" என்றால் மீனும் முட்டையும் பரவாயில்லை என்று புரிந்துகொள்ளும் கடைகள் உண்டு. எனவே தனித்தனியாகச் சொல்லுங்கள்: "சான் லவ்யான், சான் ப்வாசோன், சான் திசேஃப்." இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று பொருள். வறுத்த நூடுல்ஸில் சிப்பிச் சாறு சேர்ப்பார்கள். சவ்சவ் உருண்டையில் காய்ந்த இறால் இருக்கக் கூடும். பிரியாணி வாங்கும்போது மாட்டிறைச்சியா கோழியா என்று கேளுங்கள். தால் பூரி, காத்தோ பிமா, அலூடா மூன்றும் பெரும்பாலும் கவலையில்லாதவை.

10. மழையும் புயலும்

புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை அறிவிக்கப்படும். மூன்றாம் வகுப்பு வந்ததும் பஸ், மெட்ரோ, கடைகள் எல்லாம் நின்றுவிடும். எனவே இரண்டாம் வகுப்பு அறிவித்தவுடனே தங்குமிடம் திரும்பி, குடிநீரும் ரொட்டியும் வாங்கி வையுங்கள்.

புயல் வந்தாலும் வராவிட்டாலும், கனமழையில் இந்த நகரம் வெள்ளக்காடாகும். 2013 மார்ச் 30 அன்று பெய்த மழையில் கோடான் சுரங்கப்பாதையிலேயே மக்கள் இறந்தார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது கார்கள் தெருவில் மிதந்தன. கனமழை பிடித்தால் அந்தச் சுரங்கப்பாதைக்குள் இறங்கவே வேண்டாம்; தாழ்வான தெருக்களை விட்டு மேடான பக்கம் போய் ஒரு கட்டிடத்தின் மாடியில் காத்திருங்கள்.

கோடையில் வருபவர்கள் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் விட்டுவைப்பது நல்லது. புயலில் விமானங்கள் தள்ளிப்போகும். கடவுச்சீட்டில் உள்ள கெடு தாண்டும் நிலை வந்தால், விமான நிறுவனத்தின் தாமதக் கடிதத்தோடு கெடு முடிவதற்கு முன்பே போர்ட் லூயிஸில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்குச் சென்று நீட்டிப்புக் கேளுங்கள். அங்கும் காலையிலேயே போய்விடுங்கள்.